தண்ணீர் எப்போது வந்தது? ஒரு வாஷிங் மிஷின் கசிவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2024 டிசம்பரில் என் தங்கை வீட்டு வாஷிங் மிஷின் கசிந்த கதை இது. இரண்டு வாரம் தேடினோம். நடுவில் இரண்டு முறை "சரியாகிவிட்டது" என்று நம்பினோம். ஒரு முறை 3,800 ரூபாய் வேலைக்குத் தலையாட்டப் போனோம். கடைசியில் 340 ரூபாய் குழாயோடு முடிந்தது.

வீடு சென்னையின் தென்புறநகரில், ஒரு அடுக்ககத்தின் இரண்டாம் தளத்தில் இருக்கிறது. தங்கை, மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா, எட்டாம் வகுப்புப் பையன் என்று நான்கு பேர். மிஷின் 2020-இல் வாங்கியது. மேல்மூடி திறக்கும் வகை, 6.5 கிலோ, முழு ஆட்டோமேட்டிக். சமையலறைக்குப் பின்னால் கம்பி போட்ட சின்ன பால்கனியில் நிற்கிறது. அழுக்குத் தண்ணீரை வெளியேற்றும் ட்ரெயின் ஹோஸ் மூலையில் இருக்கும் பிவிசி குழாய் வாய்க்குள் போகிறது. தரை அந்த மூலையை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். ஆனால் கொத்தனார் வேலையில் சரிவு மிஷினுக்கு நேர் கீழே, நடுவில் வந்து நிற்கிறது. இந்தச் சரிவுதான் பின்னால் எல்லோரையும் ஏமாற்றியது.

மிஷினைப் பற்றி இரண்டு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகையில் பல மிஷின்களுக்குத் தண்ணீரை வெளியேற்றப் பம்ப் கிடையாது. துணியும் தண்ணீரும் நிற்கும் தொட்டியான டப்பின் அடியில் ஒரு வால்வு இருக்கும். தண்ணீர் இறங்க வேண்டிய நேரத்தில் ஒரு சின்ன மோட்டார் அதை இழுத்துத் திறக்கும். தண்ணீர் தன் எடையாலேயே ஹோஸ் வழியாக ஓடிவிடும். மற்ற நேரங்களில் அந்த ஹோஸில் தண்ணீர் நிற்காது. இரண்டாவது விஷயம், மிஷினின் அடிப்பக்கம் திறந்தே இருக்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு அது மூடிய பெட்டி. கீழிருந்து வரும் ஒன்றுக்கு அது கதவில்லாத வீடு.

முதல் வாரம்: சாரல் என்று நினைத்தது

நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன்னும் பின்னும் சென்னையில் நல்ல மழை. துணி காயவில்லை, அழுக்குத் துணி மலையாய்ச் சேர்ந்தது. டிசம்பர் 2, திங்கட்கிழமை, தங்கை மூன்று நடை துணி போட்டாள். மதியம் பால்கனித் தரையில் தண்ணீர். கம்பி வழியாகச் சாரல் அடித்திருக்கும் என்று துடைத்துவிட்டாள். மறுநாளும் துடைத்தாள். அந்த வாரத்தில் யார் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள்.

மழை விட்ட பிறகும் தரை ஈரமானது. அப்போதுதான் மிஷின்மேல் சந்தேகம் வந்தது. மாப்பிள்ளை சுற்றிப் பார்த்தார். மிஷினுக்குத் தண்ணீர் கொண்டுவரும் இன்லெட் ஹோஸைத் தண்ணீர்க் குழாயில் திருகும் இடத்தில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த ரப்பர் வாஷர் கல்லாக இறுகிப்போயிருந்தது. அங்கே போர்வெல் தண்ணீர், வெயில் காலத்தில் லாரித் தண்ணீர். இரண்டிலும் உப்பு அதிகம். பத்து ரூபாய்க்குப் புது வாஷர் போட்டார். சொட்டு நின்றது. அடுத்த இரண்டு நாள் தரையும் காய்ந்தே இருந்தது.

மூன்றாம் நாள் போர்வைகளைப் போட்டபோது மறுபடி தண்ணீர்.

வாஷர் போட்ட இரண்டு நாளும் துணி குறைவு, தண்ணீர் அளவும் குறைவாகவே வைக்கப்பட்டிருந்தது என்பது பின்னால் விசாரித்தபோதுதான் தெரிந்தது. வாஷர் பழுது உண்மைதான். ஆனால் தரையை நனைத்தது அது இல்லை.

இரண்டாம் வாரம்: குறைந்தது, நிற்கவில்லை

அடுத்த சந்தேகம் மூலையில் இருந்த பிவிசி வாய்மேல் விழுந்தது. மாப்பிள்ளை ஹோஸை உருவிப் பார்த்தார். உள்ளே நூல் பிசிறும் சோப்புக் கசடும் சேர்ந்து ஈரப் பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. கையை விட்டு எடுத்ததில் ஒரு பிடி வந்தது. தண்ணீர் எதிர்த்து வந்து வழிந்திருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். நியாயமான முடிவுதான். கசிவும் பாதியாகக் குறைந்தது.

அந்தக் குறைவு எங்களை இன்னும் மூன்று நாள் சும்மா உட்கார வைத்தது. முழுக்கத் தப்பான இடத்தில் கை வைத்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். பாதி சரியான இடத்தில் கை வைத்தால் தெரியாது.

டிசம்பர் 12 அன்று நிலைமை மாறியது. மிஷின் தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தபோது வீட்டின் மின்சாரம் போனது. விழுந்தது ஆர்சிசிபி. மின்சாரம் போகக் கூடாத வழியில் கசிந்தால் அதைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் அது. வீடுகளில் வழக்கமாக 30 மில்லி ஆம்பியர் அளவில் போடுவார்கள். பையன் ஏறி அதை மேலே தூக்கிவிட்டான். மிஷின் ஓடியது. மறுபடி விழுந்தது. மறுபடி தூக்கினான். இந்த இரண்டாவது முறையைக் கேட்டபோதுதான் எனக்குத் திக்கென்றது.

அதே நாள் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, தன் பால்கனிக் கூரையில் ஈரத் திட்டு தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மிஷினை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைத்தார்கள்.

மெக்கானிக் பார்த்தது

அவர் வந்த நேரம் மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை. மிஷினை ஓட்டிப் பார்க்க முடியவில்லை. டார்ச் அடித்துக் கீழே குனிந்து பார்த்தார். தரையில் நடுப்பகுதி ஈரம். டப்பின் அடியில், உள்ளே சுழற்றும் தண்டு இறங்கும் இடத்தில் லேசான துருக்கறை.

"ஆயில் சீல் போயிடுச்சு சார். டப்பைத் தூக்கி சீல், பேரிங் ரெண்டும் மாத்தணும். 3,800 ஆகும்."

பார்க்க வந்ததற்கு 350 ரூபாய் வாங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. நடுவில் ஈரம், தண்டில் துரு, வயது நாலு வருடம், உப்புத் தண்ணீர்: இத்தனையும் சேர்ந்தால் அனுபவமுள்ள யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஆயில் சீல்தான். தண்ணீரை உள்ளே பூட்டி வைத்துக்கொண்டே தண்டைச் சுழலவிடும் வளையம் அது. தேய்ந்தால் மிஷினின் நடுவில்தான் சொட்டும்.

தங்கை எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, பழைய மிஷினுக்கு 3,800 போடறதா, இல்ல புதுசே வாங்கிடலாமா?" நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: தண்ணீர் எப்போது வருகிறது? நிரம்பும்போதா, துவைக்கும்போதா, இறங்கும்போதா, சுழற்றும்போதா? வீட்டில் நான்கு பேர் இருந்தும் யாருக்கும் தெரியவில்லை. மிஷினைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவதற்குத்தானே மிஷின். எல்லோரும் பார்த்தது முடிந்த பிறகு கிடந்த தண்ணீரைத்தான்.

ஆனால் மின்சாரம் போனது தண்ணீர் இறங்கும்போது என்று மாப்பிள்ளைக்கு நினைவிருந்தது. அந்த ஒரு துப்பை வைத்துக்கொண்டு, ஞாயிறு வரை எதையும் மாற்ற வேண்டாம், ப்ளக்கைப் பிடுங்கி வையுங்கள் என்றேன்.

டிசம்பர் 15: கட்டம் கட்டமாக ஓட்டியது

ஞாயிறு காலை போனேன். மிஷினை அரை அடி முன்னால் இழுத்து, அடியில் பழைய நாளிதழ்களை ஒரே அடுக்காக விரித்தோம். மாப்பிள்ளையின் அம்மா கோலமாவைத் தூவலாமே என்றார். ஈரம் பட்ட இடம் பளிச்சென்று தெரியுமாம். நல்ல யோசனைதான், ஆனால் தரை வெள்ளை டைல்ஸ். தாளோடு நின்றோம்.

தண்ணீரில் துணிக்குப் போடும் நீலம் கொஞ்சம் கலந்தோம். தாளில் நீலம் பட்டால் அது டப்புக்குள் போய் வந்த தண்ணீர். நிறமில்லாமல் நனைந்தால் வரும் வழியில், அதாவது இன்லெட் ஹோஸிலோ இணைப்பிலோ கசிவு. துணி எதுவும் போடவில்லை. எல்லோரும் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டோம். ஓடும்போது யாரும் மிஷினைத் தொடக் கூடாது, கட்டம் மாற்றுவதென்றால் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கிட்டப் போவது என்று முடிவு.

தண்ணீர் அளவை உச்சத்தில் வைத்து நிரப்பினோம். தாள் காய்ந்திருந்தது. நிரம்பியதும் குழாயை மூடி, சுவிட்சையும் அணைத்து இருபது நிமிடம் விட்டோம். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் அப்போதும் காய்ந்திருந்தது. ஐம்பது லிட்டருக்கு மேல் தண்ணீர் சீலின்மேல் இருபது நிமிடம் நின்றும் ஒரு சொட்டு இல்லை.

சில சீல்கள் தண்டு சுழலும்போது மட்டும் கசியும் என்பதால் அதோடு விடவில்லை. பன்னிரண்டு நிமிடம் துவைக்கவிட்டோம். ஒன்றுமில்லை. ஆயில் சீல்மீதான குற்றச்சாட்டு அப்போதே பலவீனமாகிவிட்டது.

அடுத்து தண்ணீரை இறக்கினோம். சுமார் இருபது விநாடியில் இடது பின்மூலையில் தாள் நீலமானது. நடுவில் இல்லை, மூலையில். பிறகு அந்த நீலம் தரைச் சரிவோடு மெல்ல நகர்ந்து, இரண்டு நிமிடத்தில் சரியாக மெக்கானிக் பார்த்த இடத்துக்கு வந்து தேங்கியது. அவர் பார்த்தது தண்ணீர் போய்ச் சேர்ந்த இடம். புறப்பட்ட இடம் இரண்டடி தள்ளி இருந்தது.

சுழற்றும்போது நாலைந்து சொட்டு. அவ்வளவுதான்.

புதுத் தாள் விரித்து, தண்ணீர் அளவைக் குறைத்து இன்னொரு முறை இறக்கினோம். இம்முறை தாள் நனையவே இல்லை. இரண்டு வாரக் குழப்பத்துக்கும் இதில்தான் விடை இருந்தது. ஹோஸில் தண்ணீர் முழுக்க நிரம்பி ஓடும்போது மட்டும் கசிகிறது. அப்படியென்றால் ஓட்டை குழாயின் மேல்பக்கம் இருக்க வேண்டும். மூலையில் பிசிறு அடைத்திருந்தபோது தண்ணீர் பின்வாங்கி ஹோஸை நிரப்பியது, கசிவு அதிகம். அடைப்பை எடுத்ததும் குறைந்தது. துணி குறைந்த நாட்களில் கசிவே இல்லை.

இது முன்பக்கம் கதவு திறக்கும் ஃப்ரண்ட் லோடு மிஷினாக இருந்திருந்தால் தேடல் வேறு மாதிரி போயிருக்கும். அதில் கதவு ரப்பர் மடிப்பில் முடியோ பின்னோ சிக்கினால் துவைக்கும்போதே முன்பக்கம் வழியும். கீழே இருக்கும் ஃபில்டர் மூடி சரியாக முறுக்கப்படாவிட்டாலும் முன்பக்கம்தான் நனையும். உள்ளே பம்ப் இருப்பதால் தண்ணீரை அழுத்தி மேலே ஏற்றும். ஹோஸில் ஓட்டை எந்தப் பக்கம் இருந்தாலும் பீய்ச்சும். எது எப்போது கசிகிறது என்ற கேள்வி மட்டும் அதற்கும் பொருந்தும்.

கவிழ்த்துப் பார்த்தபோது

ப்ளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, இன்லெட் ஹோஸைக் கழற்றி, மிச்சத் தண்ணீரை வடித்தோம். மேல்மூடியை டேப்பால் ஒட்டிவிட்டு, பழைய மெத்தையை விரித்து, இரண்டு பேராக மிஷினை முன்பக்கமாகச் சாய்த்தோம். இந்த வகை முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டு பேர் போதும். ஃப்ரண்ட் லோடு அறுபது கிலோவைத் தாண்டும், உள்ளே கான்கிரீட் கட்டி வேறு. அதை வீட்டில் சாய்க்கும் வேலையே வேண்டாம். மோட்டார் பக்கத்தில் இருந்த கெப்பாசிட்டரை யாரும் தொடவில்லை. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

முதலில் கண்ணில் பட்டது துணிக் கிழிசல், தாள் துணுக்கு, கொஞ்சம் தேங்காய் நார். மூலையில் கூடு மாதிரி சேர்த்து வைத்திருந்தது. எலி.

வால்வுக்கும் மிஷினின் பின்தகட்டுக்கும் நடுவில் போகும் ஹோஸ் பகுதியில், மேல்பக்கம், புளியங்கொட்டை அளவு ஓட்டை. ஓரமெல்லாம் பல் தடம். பக்கத்தில் வால்வைத் திறக்கும் மோட்டாருக்குப் போகும் ஒயரிலும் ஓரிடத்தில் மேலுறை உரிந்து செம்பு தெரிந்தது. தண்ணீர் இறங்கும்போது ஓட்டையிலிருந்து எழும்பிய தண்ணீர் அந்த ஒயரில் தெறித்திருக்கிறது. ஆர்சிசிபி ஏன் அந்த நேரத்தில் விழுந்தது என்பது புரிந்தது.

எலியின் முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்கு ஒதுங்க உலர்ந்த இடமும் வேண்டும். அக்டோபரில் இடமில்லாமல் மிஷின் பக்கத்தில் வைத்த அரிசி மூட்டையின் அடிமூலையும் கடிபட்டிருந்தது. அதை மூட்டையைத் தூக்கியபோதுதான் பார்த்தோம். "ராத்திரி ஏதோ பிராண்டற சத்தம் கேக்குது தம்பி, நான்தான் சொல்லிட்டே இருந்தேனே" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. சொல்லியிருக்கிறார். தீபாவளிக்கு மறுவாரத்திலிருந்தே சொல்லியிருக்கிறார். கசிவையும் அதையும் யாரும் முடிச்சுப் போடவில்லை.

எடுத்த முடிவுகள்

அன்று மாலைக்குள் துணி துவைத்தாக வேண்டும் என்ற நிலை. சைக்கிள் ட்யூபை வெட்டி ஓட்டையின்மேல் இறுக்கிச் சுற்றிப் பார்த்தேன். தண்ணீர்க் குழாயில் கைகொடுக்கும் வித்தைதான். ஆனால் இந்த ஹோஸ் மடிப்பு மடிப்பாக இருப்பது. பள்ளங்கள் வழியாகத் தண்ணீர் பக்கவாட்டில் ஊர்ந்து வந்துவிட்டது. வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்ததில் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. இரண்டு உருண்டைகளைப் பிசைந்து ஒட்டும் பசையைப் போடலாமே என்றார் மாப்பிள்ளை. காய்ந்தால் அது கல். ஹோஸோ மிஷின் ஆடும்போதெல்லாம் வளைவது. விரிசல் விடும் என்று வேண்டாமென்றேன். அன்றைய துணியை மாப்பிள்ளையின் அம்மா கையால் துவைத்தார்.

ஒயரை நாங்களே டேப் சுற்றிவிடலாம் என்ற பேச்சும் வந்தது. ஈரம் தெறிக்கும் இடத்தில் இன்சுலேஷன் டேப் நாளடைவில் பிசினாகி உரிந்துவிடும். அந்த வேலையை மெக்கானிக்குக்கே விட்டோம். அதே மெக்கானிக்தான். போனில் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எலியா சார்... சரி, காலைல வர்றேன்" என்றார். மறுநாள் வந்து, கடிபட்ட துண்டை வெட்டி எடுத்து, புது ஒயர் சேர்த்து, சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடினார். எர்த் இணைப்பையும் பார்த்தார். 450 ரூபாய்.

ஹோஸை நாங்களே மாற்றினோம். பழையதைக் கழற்றிக் கையோடு உதிரிபாகக் கடைக்குக் கொண்டுபோனது நல்லதாயிற்று. வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருந்தாலும், வால்வில் மாட்டும் முனையின் வாய் அளவு மாடலுக்கு மாடல் மாறுகிறது. கடைக்காரர் முதலில் கொடுத்தது ஒரு நூல் அளவு பெரிது. சரியானது 340 ரூபாய். பிளையரால் கிளிப்பை அமுக்கி விரித்து, முனையை முழுக்க உள்ளே தள்ளி, கிளிப்பை விட்டோம். பத்து நிமிட வேலை.

அடியில் எலி வலை மாட்டினோம், 260 ரூபாய். காற்று போக இடமிருக்க வேண்டும் என்பதால் தகடு வைத்து அடைக்கவில்லை. ஹோஸ் வெளியே வரும் துளையைச் சுற்றி இருந்த இடைவெளியையும் கம்பி வலைத் துண்டால் அடைத்தோம். எலி மருந்து வைக்கும் யோசனையை அம்மாவே தடுத்தார். தின்றுவிட்டு மிஷினுக்குள் போய்ச் செத்தால் நாற்றம் எடுப்பது யார்? பக்கத்து வீட்டிலிருந்து பொறி இரவல் வந்தது. மசால்வடை வைத்த மூன்றாம் இரவு ஒன்று விழுந்தது. இரண்டு நாள் கழித்து இன்னொன்று. அரிசி மூட்டை மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்முக்குள் போனது.

பின் நிகழ்ந்தது

ஒயர் வேலை முடிந்த மாலை, அதே தாள், அதே நீலம், உச்ச அளவுத் தண்ணீர் என்று மூன்று முறை நிரப்பி இறக்கினோம். தாள் காய்ந்திருந்தது. ஆர்சிசிபி விழவில்லை.

அந்த வாரத்திலேயே மூன்றாவது நடையில் பின்மூலையில் சில சொட்டுகள். தங்கை இந்த முறை நேரத்தைக் குறித்து வைத்திருந்தாள்: இறக்கும்போது மட்டும். மறுபடி சாய்த்துப் பார்த்தால், நான் போட்ட கிளிப் ஹோஸின் மடிப்பின்மேல் ஏறிக் கோணலாக உட்கார்ந்திருந்தது. கழற்றி நேராகப் போட்டேன். அதன்பின் கசிவு இல்லை. கீழ்வீட்டுக் கூரைத் திட்டு பொங்கலுக்குள் காய்ந்தது. கறை மட்டும் இருந்தது. அதன்மேல் வெள்ளை அடிக்கும் செலவை மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டார்.

வெள்ளையடிப்பை விட்டுவிட்டால் மொத்தச் செலவு 1,410 ரூபாய். அதில் 350 தவறான கணிப்புக்குப் போனது.

மிஷினோடு வந்த அட்டையைப் பின்னால் எடுத்துப் பார்த்தோம். எலி, பூச்சி சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்று அதில் தெளிவாகவே இருந்தது. நாலு வருடமான மிஷினுக்கு அது எப்படியும் உதவியிருக்காது.

மறுபடி நேர்ந்தால் எதை மாற்றுவோம்

பெரிய தவறு ஆர்சிசிபியைத் தூக்கிவிட்டு மிஷினை ஓட்டியதுதான். பையன் செய்தது என்று சொல்லித் தப்ப முடியாது; நானும் ஞாயிற்றுக்கிழமை அதையேதான் கொஞ்சம் ஜாக்கிரதையாகச் செய்தேன். ஈரமும் மின்கசிவும் சேர்ந்து காட்டிய மிஷினை முதலில் சாய்த்துப் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் நீலமும் தாளும் தேவைப்பட்டிருக்காது. ஆர்சிசிபி விழாத கசிவுக்குத்தான் ஓட்டிப் பார்க்கும் சோதனை.

மெக்கானிக் வந்த அன்று தொட்டியில் தண்ணீர் இல்லை என்று கைவிட்டதும் தேவையில்லாதது. மேலே திறக்கும் மிஷின். பிடித்து வைத்த தண்ணீரை நாலு வாளி ஊற்றியிருந்தாலே, மிஷினை ஓட்டாமல் ஆயில் சீலை மட்டுமாவது சோதித்திருக்கலாம். வேலைக்கு விலை பேசும் முன் "தண்ணியோட ஒருதடவை பார்த்துடுங்க" என்று கேட்க மாப்பிள்ளைக்குத் தயக்கம். அவருக்குத் தெரியாததா என்ற மரியாதைதான்.

வாஷர் மாற்றிய நாளிலேயே துணியும் குறைந்ததால் எது எதனால் என்று பிரிக்க முடியாமல் போனது. ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் பழையபடி இருக்க வேண்டும்: அதே அளவு துணி, அதே அளவு தண்ணீர். போர்வையைப் போட்டுத்தான் வாஷரைச் சோதித்திருக்க வேண்டும்.

மெக்கானிக் காட்டிய துருக்கறை பொய் இல்லை. சாய்த்தபோது நானும் பார்த்தேன். ஆயில் சீல் இன்றைக்குக் கசியவில்லை என்பதுதான் சோதனை சொன்னது. நாளைக்கும் கசியாது என்று சொல்லவில்லை. கறையைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறோம். எலி வலையைச் சுத்தம் செய்ய ஆறு மாதத்துக்கு ஒருமுறை மிஷினைச் சாய்க்கும்போது, அதே இடத்தை மறுபடி எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு.